டிபன் பாக்ஸ் அம்மா எழுதுகிறேன்

கௌதமா,

நீயும் உன் அப்பாவும் தேரடிப் பக்கம் செருப்பு வாங்கப் போயிருக்கிறீர்கள். ஒரு ஜோடிச் செருப்பு வாங்க இரண்டு ஆம்பிளைகள் எதற்கு என்று கேட்டேன். நீ சிரித்தாய், அவர் சிரிக்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, செருப்புக்காக மட்டும் போகவில்லை என்று. எனக்குத் தெரியாமல் எனக்கு ஏதோ வாங்கி வருவீர்கள், நானும் ஆச்சரியப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். போகட்டும். நாளைக் காலையில் நீ மதுரைக்குக் கிளம்புகிறாய். உன் பெரிய நீலப் பை கூடத்தில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜிப் போட்டு நிற்கிறது. அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் நான் முதலில் போனது அந்தப் பையிடம்தான். குனிந்து ஜிப்பில் கையும் வைத்தேன். அப்புறம் திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். ஏன் திரும்பி வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

மதுரையில் உனக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்னும் சரியாகச் சொல்லி முடிக்கவில்லை. கவுன்சலிங் என்றால் புரிகிறது. மனசு பாரமாக இருப்பவர்கள் வருவார்கள், நீ உட்கார்ந்து கேட்பாய். ஆனால் இனிமேல் உன் எதிரே உட்காரப் போவது அவர்கள் அல்ல, அவர்களிடம் கேட்டுப் பழகுகிற பிள்ளைகள். வாரம் ஒரு முறை வந்து, எனக்கு இப்படி ஒருவர் வந்தார், நான் இப்படிக் கேட்டேன், இந்த இடத்தில் தடுமாறிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். நீ அவர்களை வழிக்குக் கொண்டுவர வேண்டும். சூப்பர்விஷன் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். மாடி வீட்டு மல்லிகா, "அப்ப டாக்டருக்கு டாக்டரா உம்புள்ள?" என்றாள். "இல்ல, செக்கருக்கு செக்கரு" என்றேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான். அந்த சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காருகிறவர்கள்மேல் எனக்கு ஒருபோதும் முழு நம்பிக்கை வந்ததில்லை. இப்போது அதில் நீ உட்காரப் போகிறாய், அதனால் உன்மேலும் கொஞ்சம் சந்தேகம்தான்.

சந்தேகப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி லைனில் டிக்கெட் பரிசோதகராக இருந்தே எனக்கு முடி நரைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மூன்று சீனியர்களோடு மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை. ஒருவர், காலைப் பார் என்பார். டிக்கெட் இல்லாதவனுடைய கால் எப்போதும் கதவுப் பக்கமே திரும்பியிருக்குமாம். இன்னொருவர், காலும் வேண்டாம் முகமும் வேண்டாம், வரிசையாக எல்லாரையும் கேள், ஒருவரையும் விடாதே என்பார். மூன்றாமவர், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவர்களை முதலில் பிடி, உன்னைப் பார்க்காதவன்தான் உனக்குப் பயப்படுகிறவன் என்பார். மூன்று பேரும் ஆள் பிடித்தார்கள். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரை நக்கலடித்தார்கள். எனக்கு ஜன்னல் கொள்கை பிடித்துப்போயிற்று, அதில் ஒரு கெத்து இருந்தது. ஒரு நாள் எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு ஒரு அம்மா வெளியே பார்த்தபடி இருந்தாள். போய் நின்றேன், திரும்பவில்லை. அதட்டினேன். இடுப்பிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தவள், "இன்னாமா, வெளிய பாத்தா டிக்கெட் இல்லன்னு அர்த்தமா? எங்க வூட்டுக்காரரோட போட்டு ஆத்துல அந்தாண்ட நிக்குதான்னு பாத்துகினு கீறேன். உனுக்கு இன்னா பேஜாரு?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. சீனியரிடம் வந்து சொன்னால் அவர் அசரவே இல்லை. "இன்னிக்கு சீசன் வச்சிருந்தா. நேத்து வச்சிருந்தாளான்னு கேட்டியா?" என்றார். அந்த வயதில் அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

அந்தப் புத்திசாலித்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். புளியந்தோப்பு வீட்டை விட்டு இந்தக் காலடிப்பேட்டைக்கு நாம் வந்தபோது நீ ஆறாவது படித்தாய். அங்கே நம் பிளாக்கில் இரண்டு பையன்கள் துணியில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை ஊற்றி மோந்து மோந்து அழிந்துபோனதைக் கண்ணால் பார்த்தவள் நான். அவர்களுடைய அம்மாக்கள், என் பிள்ளை அப்படியில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். அந்த மாதிரி அம்மாவாக இருக்க மாட்டேன் என்று முடிவுகட்டினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை என் கைக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு ஜிப்பாகத் திறப்பேன். டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பேன், சோற்று வாடையைத் தவிர வேறு வாடை வருகிறதா என்று. "இன்னாத்துக்கு அந்தப் பைய தெனிக்கும் நோண்டிகினு கீற? புள்ள மூஞ்சப் பாரு" என்பார் உன் அப்பா. "நீ கம்முனு இரு" என்பேன். நீ காலேஜ் போகும்வரை இது நடந்தது. ஒரு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு சுத்தமாக ஒரு பையன் இருப்பானா, எங்கேயோ வெளியில் வைத்துவிட்டுத்தான் வருகிறான் என்று நினைத்தேன். இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பிளாக்கும் அந்த வயதும் திரும்ப வந்தால் நானும் திரும்ப மோந்து பார்ப்பேன்.

நீ கவுன்சலிங் படிக்கிறேன் என்றபோது யாரோ ஒரு பெண்ணுக்காகத்தான் அதில் சேர்கிறாய் என்று நினைத்தேன். அதுவும் பொய்த்தது. படிப்பு முடித்து, பயிற்சிக்கு ராயபுரம் சென்டருக்குப் போக ஆரம்பித்தாய். அங்கே ஒரு வழக்கம். பயிற்சிப் பிள்ளைகளை ஒரே சூப்பர்வைசரிடம் விடமாட்டார்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு கொள்கைக்காரர், எல்லாவற்றையும் பழக வேண்டும் என்று மூன்று பேரிடமும் அனுப்புவார்கள். இதை நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நம்ம ரயில்வேதான் என்று. உன் மூன்று பேருக்கும் நான் பெயர் வைத்தேன், நீயும் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? முதல் ஆள் கிணத்து சார். எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் என்ன என்று இறங்கிக்கொண்டே போவார். வருகிறவரைப் பற்றி நீ பேசினால், அவரைப் பார்த்தால் உனக்கு யார் ஞாபகம் வருகிறது என்பார், சின்ன வயசு வரை போகாமல் விடமாட்டார். அடுத்தது டேப் மேடம். வருகிறவரின் சம்மதத்தோடு பதிவு செய்ததைப் போட்டுக் கேட்பார். இந்த இடத்தில் ஏன் இந்தக் கேள்வி, அவர் நினைப்பதற்கு ஆதாரம் என்னவென்று அவரையே யோசிக்க வைத்தாயா, அடுத்த வாரத்துக்கு என்ன வீட்டுப்பாடம் கொடுத்தாய் என்று அடுக்குவார். மூன்றாவது ம்ம் சார். நீ சொல்லி முடிக்கும்வரை ம்ம், முடித்த பிறகும் ம்ம். மனுஷனை மதித்து, அவசரப்படாமல் கூட இருந்தால் வழியை அவனே கண்டுபிடிப்பான் என்பது அவர் கொள்கை. ம்ம் சொல்வதற்கு ஒரு ஆளா என்று நான் கேட்டதற்கு நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கிறது என்று அதற்கு முன்னால் நீ சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது வியாழக்கிழமைகளில் உன்னிடம் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை நம்பாத ஒரு அம்மா என்று மட்டும் சொன்னாய். அவள் வாயைத் திறந்தாலே உனக்கு எரிச்சல் வருகிறது, காது அடைத்துக்கொள்கிறது என்றாய். மூன்று பேரிடமும் அதே அம்மாவைப் பற்றித்தான் பேசினாய். டேப் மேடம், நீ எந்தெந்த இடத்தில் அவள் பேச்சுக்குக் குறுக்கே விழுந்தாய் என்று காட்டினார். ம்ம் சார் உன்னை உன் எரிச்சலோடு உட்காரவிட்டார். கிணத்து சார் மட்டும், "இந்தக் கோபம் அவங்க மேலயா, வேற யாரு மேலயாவதா?" என்று கேட்டார். வேற யாரும் இல்லை என்றாயாம். இவ்வளவு வேகமாக இல்லை என்கிறாயே, அதனாலேயே இருக்கிறது என்றாராம். இதை நீ சொன்னபோது கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆமாம் என்றாலும் மாட்டினாய், இல்லை என்றாலும் மாட்டினாய். நேற்று சீசன் இருந்ததா என்று கேட்ட என் சீனியர்தான் பேண்ட் மாற்றிக்கொண்டு ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. அந்தக் கொள்கையின் வீட்டுக் கிளையை நான்தான் இத்தனை வருடம் நடத்தினேன் என்பது அப்போது தோன்றவில்லை.

இன்னொரு நாள், குடும்பத்தைப் படமாகப் போடச் சொன்னார்கள் என்றாய். அது எப்படி என்று கேட்டேன். டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தரையில் போட்டுக் காட்டினாய். ஆம்பிளைக்குச் சதுரம், பொம்பிளைக்கு வட்டம், நடுவில் கோடு. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நேர்க்கோடு. உனக்கும் எனக்கும் நடுவில் கோணல் மாணலாக ஒன்று. "இன்னாடா கோடு இது, தண்டவாளம் பொரண்டுகினு கீது?" என்றேன். நீ உள்ளங்கையால் துடைத்துவிட்டாய். தரை காய்ந்த பிறகும் நான் அந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தேன். அன்றுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. பெயர் இல்லாத, ஊர் இல்லாத அந்த அம்மா உண்மையில் இல்லவே இல்லை. அது நான்தான். வாரா வாரம் ராயபுரத்தில் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

அடுத்த மாதம் சென்டரில் பொங்கல் வைத்தார்கள், வீட்டுக்காரர்களையும் அழைத்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன், உனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று. உன்கூடப் பயிற்சியில் இருந்த ஷாலினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண், வஞ்சகம் இல்லாத முகம். "ஆன்ட்டி, கௌதமோட அம்மாவா? டிபன் பாக்ஸ மோந்து பாப்பாங்களே, அந்த அம்மா நீங்கதானா?" என்றாள், ஏதோ சினிமா நடிகையைப் பார்த்த மாதிரி. பக்கத்தில் நின்றவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். நீ பொங்கல் தட்டைப் பார்த்தாய். அத்தனை வருடம் மற்றவர்களுடைய பைகளை நடு வண்டியில் திறந்து காட்டச் சொன்னவள், என் பையை யாரோ நடு ஹாலில் கவிழ்த்துக் கொட்டியபோது எப்படி நிற்பதென்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது, அதைத் திரும்ப எழுத எனக்கு ஆசையில்லை. பயிற்சிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உட்காரும் குரூப்பில் பேசியது வெளியே வரக்கூடாது, அதுதான் விதி, ஷாலினி மீறிவிட்டாள் என்று நீ ஆரம்பித்தாய். "விதியா? பெத்தவள வித்துட்டு வந்து வெதி பேசறியா?" என்று கேட்டேன். நீ கட்டிலில் போய் உட்கார்ந்து, "வேணாம்மா. எனுக்கு இந்த வேலையே வேணாம். அந்த அம்மாவயும் பாக்க முடியல, உன்னயும் பாக்க முடியல. ரயில்வே பரிச்ச எழுதறேன், விடு" என்றாய். கௌதமா, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் முகம் வாடிக் கிடந்தது, எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் மூன்று நாள் நீ கட்டிலை விட்டு எழவில்லை. நான் உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்து வைத்தேன்.

இனிமேல் நான் எழுதுவது உனக்குத் தெரியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், ட்யூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் ராயபுரம் போனேன். உன் மனசு மாறுவதற்கு முன்னால் அந்தக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். போய் ஒரு கத்துக் கத்தினால், இந்தம்மாவின் பிள்ளையே வேண்டாம் என்று அவர்களே விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கீழே வலையும் கயிறும் விற்கிற கடை, அதன் ஓரமாகக் குறுகலான படி. மேலே, பெயர்ப் பலகை வைத்த மேசையில் கிணத்து சார் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. எலுமிச்சம் சாதம் என்று மூக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"கௌதமோட அம்மா" என்றேன். அவர் அவசரமாக மூடியைப் போட்டுவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார்.

"உக்கார வரல சார். என் புள்ள என்னப் பத்தி இன்னா சொன்னான், அத்த சொல்லுங்க."

"அவர் இங்க பேசினத நான் வெளிய சொல்ல முடியாதும்மா."

"வெளியவா? நான் பெத்தவ சார்."

"பெத்தவங்களுக்கும் சொல்ல முடியாது."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்டி தெரியும்? எல்லாரு எதிர்லயும் என்ன டிபன் பாக்ஸ் அம்மான்றா!"

அவர் முகம் விழுந்துவிட்டது. "அது எங்க தப்பு. குரூப்ல பேசினது குரூப்லயே நின்னிருக்கணும், நிக்கல" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடி என் தப்பும் ஒண்ணு இருக்கு. அவர் ஒரு கேஸப் பத்திப் பேச வந்தார். நான் அவரு வீட்டுக்குள்ளயே போயிட்டேன். அவருகிட்ட உத்தரவு கேக்காமலே போயிட்டேன். எங்க நிக்கணும்னு எனக்கே சில சமயம் தெரியறதில்ல" என்றார்.

நான் நம்பவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டு எதிராளியின் வாயை அடைப்பது ஒரு வித்தை, டிக்கெட் இல்லாதவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். அதனால் மனசில் இருந்ததை நேராகவே கேட்டேன். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடறேன். புள்ளய நம்பாத அம்மான்னு ஒருத்தி நெசமாவே இங்க வராளா? இல்ல, அது நான்தானா?"

"அதையும் சொல்ல மாட்டேன்மா. கோச்சுக்கங்க. நாளைக்கு யாராவது வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

கத்த வந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டேன். காட்டு என்று நான் சொல்லி, ஒருவர் காட்ட மாட்டேன் என்று நின்று, நான் வெறுங்கையோடு திரும்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கோபம் போகவில்லை. ஆனால் அந்த மனுஷன் சாத்தி வைத்திருக்கிற கதவுக்குப் பின்னால்தான் நானும் இருக்கிறேன், என் பிள்ளையும் இருக்கிறான் என்று ஒரு நினைப்பு கூடவே வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஆறுதலாக இருந்தது.

படியில் பாதி இறங்கியபோது ஒரு பெண் ஏறி வந்தாள். என் வயதுக்குக் கொஞ்சம் கம்மி. தோளில் ஒரு பையனுடைய ஸ்கூல் பை. ஜிப் பாதி திறந்திருந்தது, அவள் கை அதற்குள் இருந்தது. எதையும் எடுக்கவில்லை, சும்மா துழாவிக்கொண்டே ஏறினாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். "யம்மா, மேலருந்தா வர? கௌதம் தம்பி வந்துகீதா?" என்று கேட்டாள். எந்த ஊர், பிள்ளைக்கு என்ன வயசு, பையில் என்ன அகப்பட்டது என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கிற முகம். நான் கேட்கவில்லை. "இன்னும் வரல. வந்துருவாரு. நீங்க மேல போயி உக்காருங்க" என்றேன். "இன்னிக்காவது நான் சொல்றத நல்லா கேக்குமா தம்பி?" என்றாள். "கேப்பாரு. நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நிறுத்தாதீங்க" என்றேன்.

கீழே வந்து கயிற்றுக் கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. உன்னை இங்கே வரவிடாமல் செய்ய வந்தவள், வந்துருவாரு என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உடனே உனக்குப் போன் போட்டேன். "நைனா, எய்ந்திரு. சென்டருக்குக் கெளம்பு. அந்த அம்மா வந்து உக்காந்துகினு கீது" என்றேன். "உனுக்கு எப்டி தெரியும்?" என்றாய். "வியாயக்கெயமன்னு நீதான சொன்ன." "கெயம சரி. உக்காந்துகினு கீதுன்னு எப்டி தெரியும்?" என் பிள்ளைதான் என்று தோன்றியது. "கேள்வி கேக்காத, ஆட்டோ புட்சி வா" என்று வைத்துவிட்டேன்.

அப்புறமும் நான் போகவில்லை. வருகிறேன் என்று நீ சொல்லவில்லையே. எதிர்ச் சாரியில் இன்னொரு கடையின் வலை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடைக்காரர், "இன்னாமா வோணும்?" என்று கேட்டார். "எம்புள்ள வரானான்னு பாத்துகினு கீறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த மீன்கூடை அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். வெகு நேரம் கழித்து ஆட்டோ வந்தது. நீ வாராத தலையோடு இறங்கி, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாய். கடைசிப் படியில் நின்று சட்டையை இழுத்துவிட்டு, ஒரு மூச்சு எடுத்து, அப்புறம்தான் உள்ளே போனாய். உன் மூஞ்சியை அன்றைக்குத்தான் பார்த்தேன் கௌதமா. பையை விட்டுவிட்டு மூஞ்சியை மட்டும் பார்த்தேன். உன் அப்பா சொன்னது சரிதான் என்று அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அதற்குப் பிறகு நீ போன் விஷயத்தை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் சில சமயம் சாப்பிடும்போது என்னை நீ ஒரு மாதிரி பார்ப்பாய், டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அந்தச் சந்தேகம் இத்துடன் தீர்ந்தது. என்னுடையது தீரவில்லை. அந்த அம்மா அப்புறம் எத்தனை மாதம் வந்தாள், அவளுடைய பையனுக்கு என்ன ஆயிற்று, அந்தக் கை அந்தப் பையை விட்டு வெளியே வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நீ சொல்ல மாட்டாய் என்பது ஒரு காரணம். நீ சொல்லிவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்பது இன்னொன்று.

இனி நீ உட்காரப் போகிற நாற்காலிக்கு வருகிறேன். கிணறு, டேப், ம்ம் மூன்றும் உனக்குள் இப்போது கலந்து கிடக்கும். எது உசத்தி என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசினால் நீ சிரிப்பாய். ஆனால் கொள்கை வைத்திருக்கிறவர்களோடு நெடுங்காலம் வண்டியில் போனவள் என்ற முறையில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எந்தக் கொள்கையும் முதலில் நமக்கு ஆளைக் காட்டும். பிறகு ஆளை மறைத்துக்கொண்டு தன்னையே காட்ட ஆரம்பிக்கும். நீ நினைத்ததே ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சரியாக வருகிறது என்றால் அந்தப் பிள்ளைகளைச் சந்தேகப்படாதே, உன்னைச் சந்தேகப்படு. இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது இல்லையாகவும் இருக்கலாம் என்று ஒரு ஓரத்தில் இடம் விடு. நான் விடவில்லை, வெறும் டிபன் பாக்ஸையே சாட்சியாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உன்னை விசாரித்தேன்.

ஒரு நாள் ஒரு பிள்ளை உன்னிடம் வந்து, ஒரு அம்மாவைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்று சொல்லும். உனக்கு உடனே அதன் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கத் தோன்றும், நீ என் பிள்ளை, தோன்றாமல் இருக்காது. பார்க்க வேண்டியும் இருக்கலாம். உன்னுடைய அந்தக் கோணல் கோடு பொய்யில்லை, கிணத்து சார் தோண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுப் போ. அந்த வீட்டில் ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கு நீங்கள் பேசுவது தெரியாது. அவள் அந்த அறையில் இல்லை, அவள் பக்கத்தைச் சொல்ல ஆளும் இல்லை. என்னை நினைத்துக்கொண்டு அவளுக்கும் ஒரு நாற்காலி போடு. அந்தப் பிள்ளை வேண்டாம் என்றால் கதவைச் சாத்திவிட்டு, வந்த கேஸைப் பற்றி மட்டும் பேசு. அதோடு, அந்தப் பிள்ளையிடம் பேச யாரோ ஒருத்தி பையை அணைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்பதை நீங்கள் இரண்டு பேருமே மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டு, ஷாலினிக்கும் ஒரு பிரதி அனுப்பு, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. டிபன் பாக்ஸ் அம்மா கதையை இந்த முறை டிபன் பாக்ஸ் அம்மாவே சொல்லியிருக்கிறாள், அதனால் யாரும் விதியை மீறியதாக ஆகாது.

மதுரையைப் பற்றி எனக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கிறது. உனக்கு ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு ரூம் வீடு? முந்தாநாள் மொட்டை மாடியில் நின்று யாரிடம் அவ்வளவு நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாய்? பை ஏன் அந்தப் பக்கம் மட்டும் அப்படிப் புடைத்துக்கொண்டிருக்கிறது? கேட்கவில்லை, சும்மா எழுதி வைக்கிறேன்.

காலையிலேயே உனக்கு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கிண்டிவிட்டேன், எண்ணெய் தாராளமாக விட்டிருக்கிறேன், கெடாது. உன் பழைய ஸ்கூல் டிபன் பாக்ஸில்தான் போட்டு அமுக்கி மூடியிருக்கிறேன். பைக்குள் வைக்கலாம் என்றுதான் நீங்கள் போனதும் எழுந்து போனேன். வைப்பதற்கு ஜிப்பைத் திறக்க வேண்டும். திறந்தால் என் கை சும்மா இருக்காது, அது எனக்குத் தெரியும். அதனால் டிபன் பாக்ஸைப் பையின்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிறது. உன் பையை நீயே வந்து திற.